பிரிக்கும் முன் பின்பக்கம் பாருங்கள்

முன்பின் தெரியாத ஒருவருக்குத் தன் நம்பிக்கையைப் பற்றிக் கையால் கடிதம் எழுதி அனுப்பலாமா? தாராளமாக எழுதலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் பெயரும் முகவரியும் போடாமல் அனுப்பினால் நம் ஊரில் அதற்கு வேறு பெயர். மொட்டைக் கடுதாசி. உள்ளே இருப்பது வேத வசனமாகவே இருந்தாலும் அது மொட்டைக் கடுதாசிதான்.

சமீபத்தில் இப்படிக் கடிதம் எழுதுவதைப் பெரிய அளவில் செய்தவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்கிற கிறிஸ்தவப் பிரிவினர். வீடு வீடாகக் கதவைத் தட்டுவது அவர்கள் வழக்கம். கொரோனா வந்ததும் 2020 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். மறுபடி வாசலுக்கு வந்தது 2022 செப்டம்பர் 1-ல்தான். நடுவில் இருந்த இரண்டரை வருடமும் பெரும்பாலும் போனும் கடிதமும்தான் ஊழியம், அதாவது மதப் பிரசாரம். அக்கம்பக்கத்தவர் என்று ஒரு அறிமுகம், துக்கத்தைப் பற்றி நாலு வரி, கண்ணீரெல்லாம் துடைக்கப்படும் என்கிற பைபிள் வசனம் வெளிப்படுத்துதல் 21:4, கடைசியில் இணையதள முகவரி. பெரும்பாலும் இதுதான் பாணி.

அச்சடித்த துண்டுப் பிரசுரம் வாசலிலேயே குப்பைக்குப் போய்விடும். கையெழுத்து என்றால் யாரோ உறவுக்காரர் என்று நினைத்துப் பிரிப்பார்கள். இதன் பலமும் அதுதான், வில்லங்கமும் அதுதான். அதனால் முதல் இரண்டு வரிக்குள் நான் யார், எந்தச் சபை, எதற்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். அரைப் பக்கம் குசலம் விசாரித்துவிட்டு அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வருவது, சொந்தக்காரர் வேஷம் போட்டு உள்ளே நுழைவது மாதிரி.

வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி, 'என் பேர் இவருக்கு எப்படித் தெரியும்?' இது வீண் பயம் இல்லை. ஃபின்லாந்தில் இதே சாட்சிகள் வீடு வீடாகப் போனபோது எடுத்த குறிப்புகள் பற்றிய வழக்கில், அதுவும் தனிநபர் தரவுச் சட்டத்துக்குள் வரும், சபைக்கும் அதில் பொறுப்பு உண்டு என்று 2018 ஜூலை 10-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் பக்கம் எழுதுகிறவர்கள், பெயர் பொதுவில் இல்லாதபோது 'வீட்டில் உள்ளவர்களுக்கு' என்று எழுதினால் போதும். கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தைப் பார்த்து விலாசம் எடுத்து எழுதுவதை மட்டும் எந்த நியாயம் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன். பதினாறாம் நாள் காரியம் முடியாத வீட்டுக்கு முகம் தெரியாதவர் ஆறுதல் தேவையில்லை.

இனி காகிதக் கணக்கு. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். கவர் ஏறக்குறைய இன்னொரு 5. சாதாரணத் தபாலில் 5 ரூபாய்க்கு 20 கிராம்தான். ஆக மூன்று தாள் வைத்தாலே விளிம்புக்கு வந்துவிடும், கூட ஒரு பளபளப்புப் பிரசுரத்தைச் செருகினால் தாண்டிவிடும். தபால்தலை குறைந்தால் குறைந்த தொகையைப் போல் இரண்டு மடங்கைப் பெறுபவரிடம்தான் கேட்பார்கள். உங்கள் பிரசங்கத்துக்கு அவர் காசு கொடுக்க வேண்டுமா? 2 ரூபாய் 50 காசு இன்லேண்ட் லெட்டர் போதும், ஆனால் அதற்குள் எதையும் வைக்கக் கூடாது. ஜெல் பேனாவில் விலாசம் எழுதினால் ஒரு தூறலுக்கே கரைந்து ஓடும், பால்பாயின்ட் பேனாதான் சரி. பின்கோடு ஆறு இலக்கத்தையும் அந்தக் கட்டங்களுக்குள் தனித்தனியாக எழுதுங்கள். 1-ம் 7-ம் குழம்பினால் கடிதம் வேறு ஊர் சுற்றிவிட்டு வரும்.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நூற்றைம்பது சொல் போதும். ஒரே மூச்சில் பத்து எழுதினால் ஐந்தாவதிலிருந்து எழுத்து கோணும், பத்தாவதை எழுதியவராலேயே வாசிக்க முடியாது. மாதிரியைப் பார்த்து அப்படியே காப்பி அடிப்பது அதைவிட மோசம். ஒரே தெருவில் நாலு வீட்டுக்கு ஒரே வாசகம் போனால் குழாயடியில் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள். குழந்தைகளை எழுதவைத்து, அவர்கள் பெயரையும் வீட்டு விலாசத்தையும் தெரியாதவருக்கு அனுப்புவதும் கூடாது. சொந்த விலாசம் கொடுக்கத் தயங்கும் பெண்கள், கேட்டுக்கொண்டு சபைக் கட்டட முகவரியைப் போடலாம், அல்லது அஞ்சல் பெட்டி எண் எடுக்கலாம்.

இதெல்லாம் கிறிஸ்தவர் விவகாரம் என்று யாரும் நகர வேண்டாம். நமக்கும் ஒரு பரம்பரை இருக்கிறது: தபால் கார்டில் வரும் சங்கிலிக் கடிதம். மேலே பிள்ளையார் சுழி, மூலையில் மஞ்சள், இடம் போதாமல் விலாசப் பக்கத்தின் இடது பாதிவரை ஓடும் பொடி எழுத்து. கோயிலில் பாம்பு பேசியது, இதை 21 பேருக்கு எழுதியவருக்குப் புதையல் கிடைத்தது, கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கிச் செத்தார். எழுதியவர் பெயர் இருக்கவே இருக்காது. எல்லோரும் கீழ்ப்படிந்தால் ஆறாவது சுற்றில் மட்டும் 8 கோடியே 57 லட்சத்துச் சொச்சம் கார்டு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த ஜனத்தொகையே 7 கோடியே 21 லட்சம். ஏழாவது சுற்றுக்கு இந்தியாவே பத்தாது. 50 பைசா கார்டில் இன்றைக்கும் 21 பேருக்கு 10 ரூபாய் 50 காசுதான் செலவு, ஆனால் பயந்து எழுதும் பாட்டிக்கு இரண்டு நாள் தூக்கம் போகும். சாட்சிகளின் கடிதத்தில் என்ன குறை சொன்னாலும், எழுதியவரைத் தேடிப் பிடித்துத் திட்டலாம். இதில் யாரைப் பிடிப்பது?

சட்டம் சுருக்கமாக: அரசியல் சாசனப் பிரிவு 25 மதத்தைப் பரப்பும் உரிமை தருகிறது. அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் ஸ்டெயினிஸ்லாஸ் வழக்கில் சொன்னது. என்ன நம்புகிறேன் என்று எழுதலாம். வேலை, பணம், பிள்ளைகள் படிப்பு என்று ஒரு வரி சேர்ந்தாலும் கடிதத்தின் நிறம் மாறிவிடும்.

பதில் வரவில்லை என்றால் அதுவே பதில். இரண்டாவது கடிதம் வேண்டாம். 'எழுதாதீர்கள்' என்று சொன்ன வீட்டைக் குறித்துவைத்து, சபையில் மற்றவர்களும் எழுதாமல் பார்த்துக்கொள்வது அனுப்பியவர் வேலை.

வாங்க விருப்பமில்லாதவர் பிரிக்காமலே 'வாங்க மறுப்பு' என்று தபால்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம். பின்பக்கம் அனுப்புநர் விலாசம் இருந்தால் அவர் வாசலுக்கே போய்ச் சேரும். இல்லாவிட்டால் ஆர்.எல்.ஓ. என்கிற திரும்பிய கடித அலுவலகத்துக்குப் போகும். அங்கே ஊழியர் பிரித்து, உள்ளே எங்காவது விலாசம் இருக்கிறதா என்று தேடுவார். உள்ளேயும் போடாதவரின் ஊழியத்துக்கு அவர் ஒருவர்தான் வாசகர்.