"அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்" என்பது உண்மையல்ல

ஆங்கில நாவலாசிரியர் ஜோசப் கான்ராட் தன் காங்கோ பயணத்தை வைத்து எழுதிய 'ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்' (1899) குறுநாவல் இனவாதப் படைப்பு என்று நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1975இல் விமர்சித்தது அநியாயம், அக்காலத்தில் ஆப்பிரிக்கரை மனிதராக மதித்து யாருமே எழுதவில்லை என்று ஒரு பதிவு பரவுகிறது. இது தவறு.

1890 ஜூலையில், காங்கோவின் ஸ்டான்லி அருவியிலிருந்து கறுப்பின அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் அப்போது காங்கோவைத் தன் பிடியில் வைத்திருந்த பெல்ஜிய மன்னர் லியோபோல்டுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஏமாற்றிப் பறித்த நிலம், சங்கிலியில் பூட்டப்பட்ட கைதிகள், எரிக்கப்பட்ட ஊர்கள் என அத்தனையும் அதில் இருக்கின்றன. நிலம் இழந்தவர்களை உரிமையுள்ள மனிதர்களாகவே அவர் பார்த்தார்.

சில வாரங்களில் கான்ராடும் அதே இடத்துக்குப் படகில் வந்தார். காலனியக் கொள்ளையை அவரும் வெறுத்தார். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கதையில் ஆப்பிரிக்கர்கள் வாய் திறக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அச்செபே சுட்டிக்காட்டியவற்றில் இதுவும் ஒன்று.