சட்டத்தின் சொல்லும் அப்பத்தாவின் சொல்லும்

மனநோயைக் குறிக்கும் சொற்கள் காலப்போக்கில் நாகரிகமடைந்துவிட்டதாக நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. சட்டப் புத்தகத்தைப் பொறுத்தவரை சரிதான். 1912-ஆம் ஆண்டுச் சட்டம் பெயரிலேயே ‘பைத்தியம்’ என்றது. 1987-இல் அது மனநலச் சட்டமாகி, 2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டமாக வளர்ந்தது. ஆனால் எங்கள் காரைக்குடிப் பக்கம் யாராவது ஏறுக்குமாறாகப் பேசினால் இன்றும் ‘ஏர்வாடிக்கு அனுப்பு’ என்றுதான் கேலி செய்கிறார்கள். மனநோயாளிகளைக் கொண்டுபோய் விடும் தர்கா ஊர் அது. 2001 ஆகஸ்டில் அங்கே சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் தீயில் கருகினார்களே, அதற்குப் பிறகும்!

எங்கள் சின்ன ஐயா 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே திரும்பியவர். வீட்டுப் பட்டாலையில் தகரப் பெட்டியை அணைத்தபடி, என்றோ முழுகிப்போன கடனுக்கு விரல்விட்டு வட்டி கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். அப்பத்தா ஒருநாளும் அவரைக் கிறுக்கு என்றதில்லை. ‘அவர்களுக்கு மனம் அலுத்துவிட்டது’ என்பார். எவ்வளவு பதமான சொல்! ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் தலை தெரிந்தால் அவரை வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியதும் அதே அப்பத்தாதான். கடைசிவரை டாக்டரிடம் காட்டவே இல்லை.

இப்போது என் பேத்தி முகப்பில் உட்கார்ந்து, விருந்தாளிகள் எதிரிலேயே ‘எனக்கு டிப்ரஷன், மாத்திரை சாப்பிடுகிறேன்’ என்கிறாள். அவள் அம்மாதான் காபி டம்ளரை நீட்டியபடி, ‘மெதுவாகப் பேசடி’ என்று கண்ணைக் காட்டுகிறாள்.