விரல் நுனியில் ஊசி குத்தினால் பக்கவாதம் தீராது

"பக்கவாதம் வந்தவரை அசைக்காதீர்கள், மூளை நரம்பு வெடித்துவிடும், பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் வரவழையுங்கள், எழுந்து உட்காருவார்" என்ற வாட்ஸ்அப் செய்தி அம்பாசமுத்திரம், நாங்குநேரி வட்டாரக் குடும்பக் குழுக்களில் சுற்றி வருகிறது. முழுப் பொய். ஆளைக் கொல்லக்கூடிய பொய்.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டாலோ உடைந்தாலோ வருவது பக்கவாதம். விரலில் சொட்டும் ரத்தம் அந்த அடைப்பைத் தொடக்கூடச் செய்யாது. அடைப்பா, கசிவா என்று உறுதி செய்ய ஸ்கேன் வேண்டும். அடைப்பு என்றால், தகுதியுள்ளவர்களுக்கு நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றுகிறார்கள். பெரிய குழாய் அடைத்திருந்தால், தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயை மூளைவரை செலுத்திக் கட்டியையே இழுத்து எடுத்துவிடுகிறார்கள். 2015-இல் வெளிவந்த ஆய்வுகள் இந்தச் சிகிச்சையை நிலைநாட்டின; தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம்வரைகூட இது பயன்படுகிறது. கசிவுக்கோ அந்தக் கரைக்கும் மருந்தே ஆபத்து.

பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதில் ஊசி தேடி உட்கார்ந்திருக்க நேரம் ஏது?

வாய் ஒரு பக்கம் கோணினால், காப்பி டம்ளர் கையிலிருந்து நழுவினால், பேச்சு குழறினால் உடனே 108-ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். சோடாவோ மாத்திரையோ வாயில் கொடுக்காதீர்கள்; விழுங்க முடியாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.