பெத்தவங்களா பீடை?

மகாளய அமாவாசைக்கு மறுநாள் எடுத்த அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அக்னி தீர்த்தக் கடற்கரையில் குவிந்த ஈரத்துணியைக் காட்டி, ராமேஸ்வரத்துக்காரர்களுக்குக் கடலின் அருமை தெரியவில்லை என்று ஒருவர் பாடம் எடுக்கிறார். ஐயா, அதில் ஒரு துணிகூட எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்தது இல்லை. தர்ப்பணம் செய்ய வந்தவர்கள் கடலில் அவிழ்த்துப் போட்டது.

தர்ப்பணத்தில் துணிக்கு என்ன வேலை? கருப்பு எள், தண்ணீர், தர்ப்பை. பிண்டம் வைத்தால் பச்சரிசி மாவு. மூன்று தர்ப்பைப் புல்லில் பவித்திர மோதிரம் போட்டு, தெற்கு பார்த்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எள்ளும் தண்ணீரும் வார்க்க வேண்டும். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, ஆளுக்கு மூன்று முறை. ஒரு கைப்பிடி எள் தாராளம். தண்ணீரில் நின்று செய்தால் ஈரத்துணி, கரையில் உட்கார்ந்தால் உலர்ந்த துணி. வேட்டியைக் கடலுக்குக் கொடு என்று எந்த இடத்தில் வருகிறது?

கடலாடிய அதே ஈரத்தோடுதான் கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடப் போகிறீர்கள். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி, கோடி தீர்த்தத்தில் முடித்து, துணி மாற்றிய பிறகுதான் தரிசனம். கடலிலேயே அவிழ்த்துவிட்டால் எதைக் கட்டிக்கொண்டு போவதாம்?

"பீடை துணியோடு போகும், நம்பிக்கையில் கை வைக்காதே" என்பார்கள். திருநள்ளாற்று நளதீர்த்தத்தில் குளித்துவிட்டுத் துணியை விடும் பழக்கத்தை இங்கே தூக்கி வந்தால்? அங்கே போவது சனி தோஷத்துக்கு. இங்கே வருவது அப்பா அம்மாவுக்கு. பெத்தவங்களா பீடை?

துணி போகவும் போகாது. பாக் நீரிணை ஆழமில்லாத கடல். தென்மேற்குக் காற்று அடிக்கும் கச்சான் காலத்தில் இந்தக் கிழக்குக் கரையில் இழுத்துப்போக அலை ஏது? பருத்தி மணலைக் குடித்து அடியில் அமுங்கும். பாலியஸ்டர் சேலை மட்காது, ஐந்தரை மீட்டரும் விரிந்து அடுத்து முங்குபவர் காலைச் சுற்றும். படகின் புரொப்பல்லரில் சுற்றினால் எஞ்சினை நிறுத்தி, கத்தியோடு ஒருவர் குதித்து அறுக்க வேண்டும். வாடைக்காற்று திரும்பியதும் மிச்சம் கரையேறும். அப்போது இன்னொரு வீடியோ எடுப்பீர்கள்!

"சாக்கடை கலப்பதைக் கேட்டாயா?" நியாயமான கேள்வி, கேட்கத்தான் வேண்டும். அதற்காகச் சேலை போடலாம் என்று ஆகிவிடுமா?

"இங்கே இருப்பவர்களே துணியை விடச் சொன்னார்கள்" என்பார்கள். சொல்கிற தரகர்கள் உண்டு, மறுக்கவில்லை. பிளாஸ்டிக் கவரில் எள் விற்பவர்களும் உண்டு. கவரோடு கடலில் எறிந்துவிட்டுக் கும்பிடுகிறவர்களை யார் அனுப்பினார்கள்? தேவிபட்டினத்திலும் சேதுக்கரையிலும் இதே கூத்துதான். பழி மட்டும் ஊர்க்காரனுக்கு.

தை அமாவாசைக்கு வருகிறவர்கள் பழைய பருத்தி வேட்டி ஒன்று, ஈரத்துக்குத் தனிப்பை ஒன்று கொண்டுவாருங்கள். பிழிந்து, மடித்து, உங்கள் ஊருக்கே எடுத்துப்போங்கள்.