18 பவுண்டு வாங்கத் தெரிகிறது, பதில் சொல்லத்தான் ஆளில்லை

இங்கிலாந்தின் செயின் பப்புகளில், அதாவது ஒரே கம்பெனி ஊர் ஊராகக் கிளை போட்டு நடத்தும் பப்புகளில், சாப்பாடு சுமாராகத்தான் இருக்கும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதற்காக மட்டும் நான் இவ்வளவு கொதிக்க மாட்டேன். தட்டில் வந்தது சரியில்லை என்று சொன்னால், அதைக் கேட்டுச் சரிசெய்ய அந்தக் கட்டடத்துக்குள் அதிகாரமுள்ள ஒரு ஆள் கூடக் கிடையாது. எனக்கு வயிறெரிவது அதனால்தான். காசை மட்டும் சாப்பாடு வருவதற்கு முன்பே கறாராக வாங்கிக்கொள்கிறார்கள்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையிலோ பெங்களூரிலோ பப் என்றால் காதைப் பிளக்கும் இசையும் இளவட்டக் கூட்டமும்தான் ஞாபகத்துக்கு வரும். இங்கே ஞாயிற்றுக்கிழமை மதியம் தாத்தா பாட்டி, கைக்குழந்தை, நாய் சகிதமாகக் குடும்பமே போய் உட்காருகிற இடம் அது. குடிக்காதவர்களும் போவார்கள். சண்டே ரோஸ்ட் என்று ஒரு முழுச் சாப்பாடு கிடைக்கும்: அடுப்பில் வாட்டிய இறைச்சி, உருளைக்கிழங்கு, காய்கள், யார்க்‌ஷயர் புட்டிங், எல்லாவற்றுக்கும் மேலே, வழக்கமாக இறைச்சிச் சாற்றில் செய்யும் கிரேவி. இறைச்சி சாப்பிடாதவர்களுக்குப் பருப்பும் கொட்டைகளும் சேர்த்துச் செய்த நட் ரோஸ்ட். ஒழுங்காகச் செய்தால் அருமையான சாப்பாடு. அதை மனதார ரசித்துச் சாப்பிட்டவன் என்பதால்தான் கோபமும் அதிகமாக வருகிறது.

மதுரையிலிருந்து அம்மா வந்திருந்தார். சுத்த சைவம், முட்டை வாசனை கூட ஆகாது. இந்த ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டார். வீட்டுக்குப் பக்கத்தில், ரவுண்டானாவை ஒட்டிப் பெரிய கார் நிறுத்தத்தோடு ஒரு செயின் பப் இருக்கிறது. மச்சானையும் சேர்த்துக்கொண்டு போனோம்.

மேசை பிசுபிசுவென்று இருந்தது. மூலையில் எண் ஒட்டியிருந்தார்கள், பக்கத்தில் கியூஆர் குறியீடு. செயலியை இறக்கு, பெயர் கொடு, மின்னஞ்சல் கொடு, கார்டு எண் கொடு, அப்புறம்தான் மெனுவே கண்ணில் படுகிறது. பால், முட்டை கூடச் சேராத 'வீகன்' என்று போட்டிருந்த நட் ரோஸ்ட்டை அம்மாவுக்குத் தேர்ந்தெடுத்தேன், 18 பவுண்டு. முட்டை வேண்டாம் என்று எழுத ஒரு கட்டம் தேடினால், அப்படி எதுவுமே இல்லை. ஒவ்வாமையோ உணவுக் கட்டுப்பாடோ இருந்தால் பாரில் வந்து சொல்லுங்கள் என்று ஒரு வரி மட்டும். சரி என்று எழுந்து போனேன்.

பார் முழுவதற்கும் ஒரே ஒரு பெண். கல்லூரிப் பெண்ணாகத்தான் இருக்கும். அவள் முதுகுக்குப் பின்னால் செயலி ஆர்டர்களை அச்சடிக்கும் இயந்திரம் நிற்காமல் காகிதத்தைத் துப்பிக்கொண்டே இருக்கிறது. நேரில் வந்து நிற்கிற நாங்கள் எல்லாரும் காத்திருக்க, அவள் அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்துக் கோப்பைகளை நிரப்புகிறாள். இங்கே பப்புகளில் வரிசை போட்டுக் கட்டுப்படுத்தும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது. அடுத்து யார் என்பது நிற்பவர்களுக்கும் தெரியும், ஊற்றுபவருக்கும் தெரியும். யாராவது முந்தினால், "இல்லை, இவர்தான் எனக்கு முன்னால்" என்று பக்கத்தில் நிற்பவரே சொல்லிவிடுவார். எவ்வளவு நாகரிகமான பழக்கம்! அதையும் இந்தக் காகிதம் துப்பும் பெட்டி கெடுத்துவிட்டது. ஒருவழியாக என் முறை வந்ததும், யார்க்‌ஷயர் புட்டிங் வேண்டாம், கிரேவி சைவமா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். "சமையலறைக்குச் சொல்லிவிடுகிறேன்" என்றாள். எதிலும் எழுதிக்கொள்ளவில்லை.

தட்டு வந்தது. நடுவில் பெரிதாக யார்க்‌ஷயர் புட்டிங். மைதா, பால், முட்டை சேர்த்துச் செய்வது அது. வீகன் என்று பெயர் போட்டு விற்ற தட்டில் முட்டையைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். நட் ரோஸ்ட்டின் ஓரம் நாக்கைச் சுடுகிறது, நடுவில் கத்தியை விட்டால் சில்லென்று இருக்கிறது. மைக்ரோவேவில் அவசரமாகச் சூடுபடுத்தி, இடையில் எடுத்துப் பார்க்காமல் அப்படியே தட்டில் கவிழ்த்தால் இப்படித்தான் இருக்கும். பட்டாணியைப் பல்லில் வைத்தால் உள்ளே ஐஸ். கிரேவியின் மேல் ஆடை படிந்து, கரண்டியால் தொட்டால் மொத்தமாகச் சுருங்கி ஒரு பக்கம் ஒதுங்குகிறது.

தட்டைக் கொண்டு வந்த பையனிடம், இந்தக் கிரேவியில் மாட்டிறைச்சிச் சாறு இருக்கிறதா என்று கேட்டேன். முகம் சுளிக்காமல் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். "தெரியவில்லை சார், பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டார்களாம்" என்றான்.

தெரியவில்லையாம்! ஒரு சமையலறையில் தாங்கள் ஊற்றுகிற குழம்பில் என்ன இருக்கிறது என்பது சமைப்பவருக்கே தெரியவில்லை. பாக்கெட்டைப் படித்தால்தான் தெரியும், பாக்கெட்டும் போய்விட்டது. அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "விடுப்பா, அந்தப் பையனைத் திட்டாத. வீட்டுக்குப் போய் ஒரு ரசம் வச்சுக்கலாம்" என்றார். நான் அந்தப் பையனைத் திட்டவில்லை. அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்?

பல செயின் பப்புகளில் சமையல் என்ற வேலையே நடப்பதில்லை. எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்து, பொட்டலம் கட்டி, உறைய வைத்து, லாரியில் அனுப்புகிறார்கள். இங்கே இருப்பது ஃபிரீசர், மைக்ரோவேவ், எண்ணெய்ச் சட்டி, அடுப்பு. உறைய வைத்த உணவு கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. அதை ஒழுங்காகச் சூடுபடுத்தக் கூட ஆள் போடவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

மெனுவில் கலோரிக் கணக்கு மட்டும் கடைசி இலக்கம் வரை இருக்கிறது. 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் உணவு நிறுவனங்கள் மெனுவில் கலோரி போட வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இங்கிலாந்தில் சட்டம் வந்தது. அதனால் போடுகிறார்கள். கடலை, எள், பால், முட்டை உட்பட 14 ஒவ்வாமைப் பொருட்கள் எந்தெந்த உணவில் இருக்கின்றன என்ற விவரத்தையும் கொடுத்தே ஆக வேண்டும், அதுவும் சட்டம். ஆனால் சைவம், வீகன் ஆகிய சொற்களுக்கு இந்த நாட்டில் சட்டப்படி ஒரு வரையறை கிடையாது. மாட்டிறைச்சி அந்த 14 பொருட்களில் வராது. ஆகவே அம்மாவுக்காக நான் கேட்ட கிரேவிக் கேள்வி அவர்களுடைய எந்தப் பட்டியலிலும் வராத கேள்வி. மெனுவின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், சைவ உணவுகளையும் மீன் பொரிக்கும் அதே எண்ணெயில் பொரிக்க நேரலாம் என்று போட்டிருந்தார்கள். உருளைக்கிழங்கு சிப்ஸுக்குப் பக்கத்தில் சைவம் என்று பச்சை இலைக் குறி, விஷயம் கடைசிப் பக்கத்தில். இது ஏமாற்று வேலை இல்லாமல் வேறென்ன?

மச்சானுக்கு வந்த ஒரு பைன்ட் பீரையும் சொல்லிவிடுகிறேன். பைன்ட் என்றால் 568 மில்லி. நுரை அடங்கியதும் கோப்பையில் விரல் அகலத்துக்கு மேல் காலி. குறைந்தது 95 சதவீதம் திரவம் இருக்க வேண்டும், குறைவாக இருந்து வாடிக்கையாளர் கேட்டால் நிரப்பித் தர வேண்டும் என்பது பீர், பப் தொழிலின் சொந்தச் சங்கமே வகுத்த நெறி. கேட்கப் போனால் மறுபடியும் அந்தக் கூட்டத்தில் நிற்க வேண்டும். போகவில்லை. இப்படி யாரும் போக மாட்டார்கள் என்ற கணக்கில்தான் எல்லாம் நடக்கிறது.

இந்த நிலைமை ஒரே நாளில் வந்ததல்ல. ஒரு காலத்தில் பெரிய பீர் ஆலைகள் ஆயிரக்கணக்கான பப்புகளைக் கையில் வைத்திருந்தன. 1989-இல் அரசு ஒரு உத்தரவு போட்டது: 2,000 பப்புகளுக்கு மேல் வைத்திருந்தால், அதற்கு மேலுள்ளவற்றில் பாதியை விற்றுவிடு, அல்லது உன் பீரையே வாங்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டிலிருந்து விடுவி. போட்டி வளரும், குடிப்பவர்களுக்கு நல்லது நடக்கும் என்று நினைத்தார்கள். நடந்ததோ வேறு. ஆலைகள் கைவிட்ட பப்புகளைக் கொத்துக் கொத்தாக வாங்கி, பீர் காய்ச்சத் தெரியாத, வாடகைக் கணக்கு மட்டும் தெரிந்த புதிய கம்பெனிகள் வளர்ந்தன. அப்புறம் 2007 ஜூலையில் இங்கிலாந்தில் பப்புக்குள் புகைபிடிக்கத் தடை வந்தது. நல்ல சட்டம்தான். குடியை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்று ஆனதும், எல்லாரும் இன்னும் வேகமாகச் சாப்பாட்டுப் பக்கம் திரும்பினார்கள். சமைக்கத் தெரிந்தவர்கள் சமைத்தார்கள். மற்றவர்கள் ஃபிரீசர் வாங்கினார்கள்.

செலவு ஏறிவிட்டது என்பார்கள். ஏறியது உண்மைதான். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. தொழிலாளருக்காக முதலாளி கட்டும் தேசியக் காப்பீடும் அதே மாதம் 15 சதவீதமாக உயர்ந்தது. சாப்பாட்டின் மீது 20 சதவீத வரி வேறு. நான் ஒத்துக்கொள்கிறேன். அதற்காக விலையை ஏற்றினீர்கள், கொடுத்தோம். விலையையும் ஏற்றி, ஆளையும் குறைத்து, ஆர்டர் எடுக்கும் வேலையை என் தலையில் கட்டி, கடைசியில் அதே செயலியில் தட்டு வருவதற்கு முன்பே டிப்ஸ் எவ்வளவு என்று கேட்டால் எப்படி? டிப்ஸ் முழுவதும் ஊழியருக்கே போய்ச் சேர வேண்டும் என்று 2024 அக்டோபர் 1 முதல் சட்டம் இருக்கிறது. அந்தப் பையனுக்குக் கொடுக்க எனக்கு மனம் உண்டு, பணமாகக் கையில் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். எனக்கு இன்னும் எதுவுமே செய்யாத ஒரு திரை என்னிடம் கைநீட்டுவதைத்தான் தாங்க முடியவில்லை.

முடியாத காரியத்தைக் கேட்கிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது. பர்மிங்காம் பக்கம் ஸ்மெதிக், வெஸ்ட் பிராம்விச் போய்ப் பாருங்கள். அங்கே வார்ப்பட ஆலைகளில் வேலை பார்க்க வந்த பஞ்சாபிகளைப் பல பப்புகள் உள்ளேயே விடவில்லை. 1965 பிப்ரவரி 12 அன்று அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் ஸ்மெதிக்குக்கு வந்தபோது, இந்தியத் தொழிலாளர் சங்கத்தினர் அவரையே அப்படி ஒரு பப்புக்கு அழைத்துப் போனார்கள். பரிமாற மறுத்தார்கள். பின்னாளில் அதே வட்டாரத்தில் பஞ்சாபிகளே பப்புகளை எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். இன்று தேசி பப் என்று வெள்ளைக்காரர்களும் தேடிப் போகிறார்கள். பாருக்குப் பின்னால் தந்தூரி அடுப்பு. இரும்புத் தட்டில் சுரீர் என்று சத்தத்தோடு மிக்ஸ்ட் கிரில் வரும். சைவம் என்றால் பனீர் டிக்காவும் பருப்பும். முட்டை இருக்கிறதா என்று கேட்டால், சமைத்தவரே கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பதில் சொல்வார். அவர்களுக்கும் அதே கூலி, அதே காப்பீடு, அதே 20 சதவீத வரிதானே? அவர்களால் முடிவது எப்படி?

அங்கே முதலாளி பாருக்குப் பின்னால் நிற்கிறார். செயினில் முதலாளி யார் என்று அந்த மேலாளருக்கே தெரியாது. அன்றைக்கு மேலாளரைக் கூப்பிடச் சொன்னேன். வந்தார். நல்ல மனிதர், மன்னிப்புக் கேட்டார். அந்த 18 பவுண்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. செயலியில் கட்டிய பணத்தைத் தன்னால் திருப்ப முடியாது, தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள் என்றார். ஒரு கிளையையே நடத்துகிறவருக்கு ஒரு தட்டின் விலையைக் கழிக்கும் உரிமை இல்லை. ரசீதைக் கையில் கொடுத்து, அடியில் இருக்கும் குறியீட்டை ஸ்கேன் செய்து கருத்தைப் பதியுங்கள் என்றார். அந்தப் படிவத்தில் புன்னகை பற்றி ஒரு கேள்வி, கழிப்பறை பற்றி ஒரு கேள்வி, நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா என்று ஒரு கேள்வி. வீகன் தட்டில் முட்டை வைத்தீர்களே என்று எழுத அங்கேயும் இடமில்லை.

தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்க 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது, ஆகவே 18 பவுண்டு வேண்டும் என்று தெளிவாகவே எழுதினேன். "உங்கள் அனுபவம் எங்கள் வழக்கமான தரத்துக்குக் கீழே இருந்ததற்கு வருந்துகிறோம்" என்று பதில் வந்தது. கிரேவியில் என்ன இருந்தது என்ற கேள்விக்கு அதில் ஒரு வரி கூட இல்லை. கூடவே 10 பவுண்டு வவுச்சர். 30 பவுண்டுக்கு மேல் சாப்பிட்டால்தான் செல்லும், ஞாயிற்றுக்கிழமை செல்லாது.

வவுச்சர் வேண்டாம், பணத்தைக் கொடுங்கள், கிரேவியில் என்ன இருந்தது என்றும் சொல்லுங்கள் என்று திரும்ப எழுதியிருக்கிறேன். பதில் வரும் வரை எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.