மலையகப் பாடல்களில் மலை வெறும் காட்சியா?

இலங்கையின் தோட்டத் தொழிலாளர் வாழும் மலைநாடான மலையகத்தின் பழைய பாடல்கள் மலையழகை மட்டுமே வியந்து பாடுகின்றன, ஆகவே சிறுவர் படக்கதைகளிலும் பச்சை மலையும் சிரித்த முகமும் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியன்று என்பதைப் பணிவுடன் குறிப்பிடுகிறேன். ‘கூனியடிச்ச மலை’ என்று தொடங்கும் நாட்டார் பாடல், கோப்பிக் கன்று நட்ட மலையையே அண்ணனைப் பறிகொடுத்த மலையாகவும் சொல்லி, அதோ தெரிகிறது பார் என்று சுட்டிக்காட்டுகிறது. அங்கே மலை உழைப்பிடமும் இழப்பிடமுமாகும். (அழகைப் பாடும் வரிகளும் உண்டுதான்.) ஐயமிருப்பவர்கள் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலில் மலையைப் பற்றிய அடிகளைத் தேடி வாசிக்கலாம், அல்லது லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) முதியவர்களிடம் நேரில் கேட்டறியலாம்.