காணாது எண்டே எழுதுங்க

(களுவாஞ்சிகுடி, மத்தியானம். கேட்டடியில் கம்பஸ் மாணவி நிரோஷா, வாசலில் பூமணி.)

பூமணி: காணாது. எல்லாத்துக்கும் காணாது எண்டே எழுதுங்க பிள்ளை.

நிரோஷா: அன்ரி, நான் இன்னும் ஒண்டும் கேட்கவே இல்லையே.

பூமணி: அரசாங்கத்திட அஸ்வெசும உதவிக் காசுக்குக் கணக்கெடுக்க வந்த நேரம் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிப்போட்டன். இந்த முறை விடமாட்டன்.

நிரோஷா: இது அஸ்வெசும இல்லை. இளம் பொடியன்மார் உடம்பில தசை வைக்க எவ்வளவு ஆசைப்படுறாங்க எண்டு அளக்கிற ஆய்வு. 2000ஆம் ஆண்டு கனடாவில மெக்ரீரி, சாஸே எண்டு ரெண்டு பேர் உருவாக்கின 15 கேள்வி. "எப்போதும்" தொடங்கி "ஒருபோதும் இல்லை" வரை 6 பதில். உங்கட மகனிட்டத்தான் கேட்கணும்.

பூமணி: அவன் கண்ணாடிக்கு முன்னால நிற்கிறான். வர ஒரு மணித்தியாலம் செல்லும். என்னட்டக் கேளுங்க. அந்த உடம்புக்குச் செலவழிக்கிறது நான்தானே.

(சம்பந்தப்பட்டவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் அவளுடைய சேர் பார்ப்பது நிரம்பிய தாள்களின் எண்ணிக்கையை மட்டும்தான்.)

நிரோஷா: சரி. கை காணாது, நெஞ்சு காணாது, கால் காணாது எண்டு நினைப்பாரா?

பூமணி: பார்த்தீங்களா, நான் சொன்ன சொல்லேதான்! எப்போதும்.

நிரோஷா: பாரம் தூக்குவாரா?

பூமணி: எப்போதும். கிணத்து வாளி மட்டும் அந்தப் பாரத்தில சேராதாம்.

நிரோஷா: புரோட்டீன் பவுடர்?

பூமணி: முடிஞ்ச டின்னிலதான் மிளகாய்த்தூள் போட்டு வைச்சிருக்கிறன். மறுகா முட்டை. வெள்ளைக்கரு அவனுக்கு. மஞ்சள் கருவைக் கொட்ட மனம் வருமா? அப்பா தின்கிறார். போன மாசம் கிளினிக்கில அவருக்குக் கொலஸ்ட்ரோல் கூடவாம். அதை எந்தக் கட்டத்தில போடுவீங்க?

நிரோஷா: அதுக்குக் கட்டம் இல்லை அன்ரி.

பூமணி: மகன்ட நெஞ்சுக்கு ஒரு கேள்வி. அப்பாட நெஞ்சுக்கு ஒண்டுமில்லை.

நிரோஷா: ஒருநாள் ஜிம்முக்குப் போகாட்டிக் குற்ற உணர்ச்சி வருமா?

பூமணி: வரும். எண்டாலும் முட்டை குறையாது. மஞ்சள் கரு அப்பாக்கு.

நிரோஷா: இன்னும் 10 றாத்தல் ஏறினா வடிவாயிருப்பன் எண்டு நினைப்பாரா?

பூமணி: 10 றாத்தல் பாணா? எப்ப தருவீங்க?

நிரோஷா: பாண் இல்லை அன்ரி, தசை!

பூமணி: தசையை வைச்சு நான் என்ன செய்ய? பாணெண்டா அந்த மஞ்சள் கருவுக்குத் தோதாயிருக்கும்.

நிரோஷா: இந்தப் பயிற்சி மற்ற வேலைகளுக்கு இடைஞ்சலா?

பூமணி: மற்ற வேலை இருந்தாத்தானே இடைஞ்சல். ஏ.எல். முடிச்சு ரெண்டு வருஷம். உங்கட 15 கேள்வியில ஒண்டாவது அவனுக்கு வேலை கிடைச்சுதா எண்டு கேட்குதா பிள்ளை?

(நிரோஷா தாளைப் புரட்டிப் பார்க்கிறாள். பின்பக்கம் வெறுமை.)

நிரோஷா: கடைசி. ஸ்டீரொய்ட் எடுக்க நினைச்சிருக்கிறாரா? புள்ளியைக் கூட்டேக்க இந்தக் கேள்வியை விடுறவங்களும் இருக்கிறாங்க...

பூமணி: விடாதீங்க, விடாதீங்க. அது மாசம் எவ்வளவு?

நிரோஷா: அது கொடுப்பனவு இல்லை. தசை வளர்க்கப் போடுற ஊசி.

பூமணி: ஊசியா? டேய் ரூபன்!

நிரோஷா: சத்தம் போடாதீங்க அன்ரி, பதிலெல்லாம் இரகசியம்!

பூமணி: பதில் சொன்னது முழுக்க நான். இதில என்ன இரகசியம்? ரூபன்! வெளியில வாடா!